வெயில் அடித்தது, காற்று இல்லை, அப்புறம் ஏன் இறக்கிவிடவில்லை?

கடிதம்:

"அண்ணே, வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். அம்மாவுக்கு 70 வயது நிறைந்ததற்காக ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பமாக ஆறு பேர் கப்பலில் போனோம். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்கு, தாய்லாந்தின் பூக்கெட், திரும்பக் கிள்ளான். 4 நாள், 3 இரவு, ஆறு பேருக்கும் 7,800 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு.

பினாங்கு வரை கோப்பையில் தேத்தண்ணி கூட ஆடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பூக்கெட் பாத்தோங் கடற்கரை கண்ணுக்கு நேரே தெரிகிறது. நல்ல வெயில், காற்றே இல்லை. கப்பல் அரை மணி நேரம் அப்படியும் இப்படியும் திரும்பியது. ஓர் ஆரஞ்சுப் படகை இறக்கினார்கள், கொஞ்ச நேரத்தில் மேலே இழுத்துவிட்டார்கள். பிறகு கேப்டன் ஒலிபெருக்கியில், அலை சரியில்லை, யாரும் இறங்க முடியாது என்றார். கப்பல் கரையை விட்டு விலகியதும் சூதாட்டக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். எல்லாம் அதற்கான நாடகம் என்கிறார் என் வீட்டுக்காரர்.

தலைக்கு 38 வெள்ளி கப்பல் கணக்கில் போட்டார்கள், அதையும் கப்பலுக்குள்ளேயே செலவு செய்ய வேண்டுமாம். பூக்கெட்டில் நாங்களே பேசி வைத்த வேனுக்குக் கட்டிய 300 வெள்ளி முன்பணம் போய்விட்டது. 'பூக்கெட் கண்டிப்பா இறங்கலாம் அக்கா' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏஜெண்டு இப்போது போனையே எடுப்பதில்லை. முட்டி வலியோடு இருக்கும் அம்மா, மணலில் நடக்க என்று புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தார். எங்கள் எல்லாருக்கும் கோபம். அவர் மட்டும், 'மழைக்கு வேலை இல்லாத நாள் மாதிரிதான்' என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கேப்டன் செய்தது சரியா? எங்கள் காசு ஏதாவது திரும்ப வருமா?"

பதில்:

தங்கச்சி, கேட்டதற்கு முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். கேப்டன் செய்தது சரி. கப்பல் கம்பெனியிடமிருந்து இதற்கு மேல் பெரிதாக எதுவும் வராது. உங்களுக்கு டிக்கெட் விற்றவரிடம் கேட்க வேண்டியதுதான் நிறைய இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஆரஞ்சுப் படகைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரர் நாடகம் என்று சொன்னது என்னைக் கொஞ்சம் தைத்துவிட்டது.

நான் இந்தப் பயண ஏஜெண்டு தொழிலுக்கு வருவதற்கு முன் 6 வருடம் பயணிகள் கப்பலில் கலாசி (கப்பல் தள ஊழியன்) வேலை பார்த்தவன். அதில் 4 வருடம், கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே திறக்கும் கதவடியில் நின்று, படகில் ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் மேல்தளத்தில் நின்று பார்க்கும் கடல் வேறு. அந்தக் கதவடியில் நின்று பார்க்கும் கடல் வேறு.

பினாங்கில் நீங்கள் எப்படி இறங்கினீர்கள்? ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு ஒட்டி நின்றது, பாலம் போட்டார்கள், நடந்து போனீர்கள். பாத்தோங்கில் அப்படிப்பட்ட துறை கிடையாது. கப்பல் விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பல்காரர்கள் அதை டெண்டர் என்பார்கள். பெரும்பாலான கப்பல்களில் ஆபத்துக் காலத்துக்கு என்று தொங்கவிட்டிருக்கும் உயிர்காப்புப் படகுகளில் சிலதான் இந்த வேலையையும் பார்க்கும். ஒரு படகில் நூறு, நூற்றைம்பது பேர் போவார்கள். கப்பலில் 3,000 பேர் என்றால் எத்தனை நடை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கம்போங் குவாந்தான் பக்கம்தானே. மின்மினி பார்க்கச் சம்பானில் ஏறியிருப்பீர்கள். ஆறு அசையாமல் கிடக்கும், இருந்தும் காலை வைத்த நொடியில் சம்பான் கீழே போய், பக்கவாட்டில் நழுவி, வயிற்றில் ஒரு திக் வரும். படகோட்டி கையைப் பிடித்துக்கொள்வார். அந்தச் சம்பான் இடுப்புயரத்துக்கு ஏறி ஏறி இறங்குகிறது, எதிரே நிற்பது பலகைத் துறை இல்லை, 300 மீட்டர் நீளமுள்ள இரும்புச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை பாத்தோங்கில் இருந்தது அதுதான்.

"காற்றே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்புகிறேன். நம் கண் தேடுவது காற்று கிளப்பும் அலையை, வெள்ளை நுரையோடு உடையும் அலையை. எங்கோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அடித்த காற்று கிளப்பிய அலை, காற்றை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக நடந்து வரும். நுரை இருக்காது, சத்தம் இருக்காது, எண்ணெய் தடவின மாதிரி வழவழவென்று வரும். கன்னியாகுமரிப் பக்கமும் கேரளக் கரையிலும் இப்படிச் சொல்லாமல் வந்து கரையேறும் கடலுக்குக் கள்ளக்கடல் என்றே பெயர். எனக்குப் பிடித்த சொல்.

இந்த அலையின் நீளம்தான் ஆளை ஏமாற்றுவது. 10 விநாடிக்கு ஒன்று வீதம் வரும் அலையில், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஏறக்குறைய 150 மீட்டர் இருக்கும். உங்கள் கப்பல் 300 மீட்டர் நீளம் என்றால் ஒரே சமயத்தில் இரண்டு அலை அதன் அடியில் கிடக்கிறது. ஒன்று தூக்குவதற்குள் இன்னொன்று இறங்கிவிடும், கப்பல் அசைந்த மாதிரியே தெரியாது. நீங்கள் மேலே பன் சாப்பிட்டுக்கொண்டு, கடல் அமைதியாக இருக்கிறது என்பீர்கள். அதே அலையில் 12 மீட்டர் படகு முழுசாக ஏறி முழுசாக இறங்கும். அலை ஒன்றரை மீட்டர் என்றால், 5 விநாடியில் இரண்டு சாப்பாட்டு மேசை உயரம் மேலே போகிறது, அடுத்த 5 விநாடியில் அவ்வளவும் கீழே வருகிறது. கப்பலின் கதவோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அரை மணி நேரம் கப்பல் திரும்பியது எதற்கு என்று இப்போது புரியும். கேப்டன் கப்பலையே சுவராக்கி அலையை மறிக்கப் பார்த்திருக்கிறார். குறுக்கே நிறுத்தினால் மறுபக்கத்துத் தண்ணீர் கொஞ்சம் அடங்கும், அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து படகை அணைக்கலாம். காற்றலைக்கு இந்த வித்தை நன்றாக வேலை செய்யும். நீள அலை மட்டும் கப்பலின் இரண்டு முனையிலும் வளைந்து உள்ளே வந்துவிடும். பிறகு ஒரு படகை வெறும் சிப்பந்திகளோடு இறக்கிக் கதவடியில் கட்டிப் பார்ப்போம். கதவடி மேடைக்கும் படகுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது, கட்டின கயிறு எப்படி வெடவெடக்கிறது என்று ஓர் அதிகாரி அங்கேயே நின்று பார்த்து, மேலே கேப்டனுக்குச் சொல்வார். நீங்கள் பார்த்த ஆரஞ்சுப் படகு அதற்குத்தான் இறங்கியது. கேப்டனுக்கு இறக்கும் எண்ணமே இல்லை என்றால் அந்தப் படகைத் தொட்டிருக்கவே மாட்டார். அதை இறக்கி ஏற்றுவது சிப்பந்திகளுக்கும் ஆபத்தான வேலை.

அந்த மேடையில் எங்கள் வேலை இதுதான். இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம். பயணி கையை நீட்டக்கூடாது, முழங்கைக்குக் கீழே நாங்கள் பிடிப்போம், அவரும் எங்கள் கையை அப்படியே பிடிக்க வேண்டும். பை இருந்தால் முதலில் வாங்கி வைத்துவிடுவோம். படகு மேலே வந்து ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில்தான் "இப்ப" என்போம். சொன்னவுடன் கால் வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு பெரியவர், நல்ல திடமான ஆள், நாங்கள் சொன்னதும் ஒரு நொடி யோசித்துவிட்டார். பிறகு வைத்தார். அதற்குள் படகு கீழே போய்விட்டது. கால் வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. எங்கள் இரண்டு பேர் கையிலும் தொங்கினார். ஷூ ஒன்று தண்ணீரில் விழுந்தது. அடுத்த அலையில் படகு மேலே வருவதற்குள் இழுத்துப் போட்டுவிட்டோம். இழுக்காமல் இருந்தால் படகின் விளிம்புக்கும் கப்பலின் இரும்புக்கும் நடுவே அவருடைய கால். ஒரு சிராய்ப்போடு எழுந்து எங்களுக்கு நன்றி சொன்னார். என் கை இரவு வரை நடுங்கியது.

அன்று கேப்டன் உடனே நிறுத்தினார். ஆனால் அதற்குள் நானூறு பேருக்கு மேல் கரைக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டிவர நான்கு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு நடைக்கும் காத்திருந்து, அலை அடங்கும் இடைவெளி பார்த்து, குழந்தைகளைத் தூக்கி. அதனால்தான் சொல்கிறேன், காலையில் உங்களை இறக்குவது கேப்டனுக்குப் பெரிய பயம் கிடையாது. சாயங்காலம் திரும்ப ஏற்றுவதுதான் பயம். தென்மேற்குப் பருவத்தில் மத்தியானத்துக்கு மேல் காற்றும் கிளம்பினால், 3,000 பேர் செருப்போடும் பெர்முடாவோடும் பாத்தோங் கரையில் இரவு கிடக்க வேண்டியதுதான். மாத்திரைப் பெட்டி எல்லாம் கப்பலில் இருக்கும்.

அப்படியென்றால் பூக்கெட்டின் கிழக்குப் பக்கம் ஆவ் மாக்கமில் ஆழ்கடல் துறை இருக்கிறதே, அங்கே கட்டியிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் துறையில் இடம் மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவாகும். நினைத்த நேரத்தில் போய் நிறுத்த அது நம் கடைத்தெருக் கார் பார்க் கிடையாது.

சூதாட்டக் கூட விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. துறைமுகத்தில் நிற்கும்போது சூதாட்டக் கூடத்தை மூடி வைப்பார்கள், கடலுக்குள் போனதும் திறப்பார்கள். அன்று கப்பல் கடலில் இருந்ததால் கம்பெனிக்கு அங்கே காசு வந்திருக்கும், மதுக் கவுண்டரிலும் வந்திருக்கும். ஆனால் கரைச்சுற்றுலா விற்ற காசு அத்தனையையும் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், வரவேற்பு மேசையில் நாள் முழுக்க ஏச்சு வாங்கியிருப்பார்கள். அது எப்படியானாலும் முடிவு எடுப்பவர் கணக்குப் பார்க்கிறவர் இல்லை. 1974-ஆம் ஆண்டின் சோலாஸ் என்ற அனைத்துலகக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது: உயிர்ப் பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவைக் கப்பல் முதலாளியோ கம்பெனியோ தடுக்கக்கூடாது. டைட்டானிக் மூழ்கிய இரண்டாம் வருடம், 1914-இல் முதலில் எழுதப்பட்டு, திருத்தித் திருத்தி வந்த ஒப்பந்தம் அது. போகாதே என்று கேப்டன் சொன்னால் போ என்று சொல்ல மேலே ஆள் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் அம்மா இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிட்டார். மழைக்கு வேலை இல்லாத நாள் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். விடியற்காலை ரப்பர் தோட்டத்தில், பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வாளியும் கத்தியுமாக நிற்பார்கள். வானம் சுத்தமாக வெளுத்திருக்கும். ஆனால் ராத்திரி மழையில் மரத்துப் பட்டை நனைந்திருக்கும். வெட்டினால் பால் கோட்டில் இறங்காது, பட்டையெங்கும் பரவி வீணாகும், கோப்பைக்கு வராது. மண்டோர் (கங்காணி) மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இன்றைக்கு இல்லை என்பார். வானத்தைக் காட்டிச் சண்டை போட்டவர்களும் உண்டு. அவர் பார்த்தது வானத்தை இல்லையே. என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்தான், ஆனால் கப்பலில் இருந்த அத்தனை வருடமும் இந்த ஒப்புமை எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தோன்றியது.

இனி காசு.

டிக்கெட்டோடு வரும் பயண ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. எந்தக் கப்பல் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதில் ஒரு பிரிவு இருக்கும்: வானிலை முதலிய காரணங்களால் துறைமுகத்தை மாற்றலாம், விடலாம், அதற்கு நட்டஈடு கிடையாது. நீங்கள் வாங்கியது கப்பலில் 3 இரவுத் தங்கலும் சாப்பாடும், அவற்றை அவர்கள் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் அவர்கள் வாதம். அந்த 38 வெள்ளி, பூக்கெட்டுக்கு என்று உங்களிடம் வாங்கிய துறைமுக வரியும் கட்டணமும். கப்பல் அங்கே போகாததால் அது உங்கள் காசு, திருப்பிக் கொடுத்தார்கள். தயவு ஒன்றுமில்லை. கப்பலுக்குள்தான் செலவு செய்ய வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செலவாகாமல் மிச்சம் இருந்தால் கார்டுக்குத் திருப்ப முடியுமா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கேட்டவர்களுக்குக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பயணக் காப்புறுதி எடுத்தீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை. எடுத்திருந்தால் பாலிசித் தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். "பயணத் தாமதம்" என்ற தலைப்பில் தேடாதீர்கள், கப்பல் தாமதம் ஆகவில்லை. கப்பல் பயணத்துக்கென்று தனிப் பகுதி இருந்தால், அதில் துறைமுகம் தவறியதற்கு இவ்வளவு என்று ஒரு தொகை சில பாலிசிகளில் உண்டு. அப்படி இருந்தால் கப்பல் கம்பெனியிடமிருந்து, இன்ன தேதியில் பூக்கெட்டில் வானிலையால் நிற்கவில்லை என்று எழுத்தில் ஒரு கடிதம் வேண்டும். இறங்குவதற்கு முன்பே வரவேற்பு மேசையில் கேட்டு வாங்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை. இப்போதும் மின்னஞ்சலில் கேட்கலாம், ஆனால் கோரிக்கைக்குக் காலக்கெடு இருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

வேன்காரர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அந்த மனிதர் அன்று காலை பாத்தோங்கில் வண்டியோடு நின்றிருப்பார், வேறு சவாரியை விட்டிருப்பார். 300 வெள்ளியைத் திருப்பிக் கேட்பதற்குப் பதில், இன்னொரு தேதிக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கப்பல் மூலமாகக் கரைச்சுற்றுலா எடுத்திருந்தால் அந்தக் காசு தானாகவே திரும்பியிருக்கும். விலை கூடுதல்தான். ஆனால் படகில் இறங்கும் ஊருக்கு மட்டும் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம் என்பேன். துறையில் கட்டும் ஊரில் நீங்களே வண்டி பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது ஏஜெண்டு. "கண்டிப்பா இறங்கலாம் அக்கா" என்ற அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். இந்த விவகாரத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே கெட்டியான தாள் அதுதான். படகில் இறக்கும் ஊருக்கு, அதுவும் ஜூன் மாதத்தில், கண்டிப்பாக என்று ஒருவரும் சொல்ல முடியாது. கேப்டனாலேயே அன்று காலை வரை சொல்ல முடியவில்லை. தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அதை நம்பித்தான் நீங்கள் காசு கட்டினீர்கள், வேனும் பேசினீர்கள்.

முதலில் அவருக்குச் சண்டை இல்லாமல் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் என்ன சொன்னார், அதை நம்பி என்ன செலவு செய்தீர்கள், எவ்வளவு திரும்ப வேண்டும், 14 நாளில் பதில் வேண்டும் என்று. வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவருடைய லைசென்ஸ் எண் ரசீதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே சுற்றுலா அமைச்சிடம் தனிப் புகார். 14 நாளில் பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். விண்ணப்பத்துக்கு 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை ஏற்பார்கள், நடந்து 3 வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பாரத்தை நிரப்பப் பயமாக இருந்தால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தைக் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம்.

ஆனால் 7,800 வெள்ளியையும் கேட்டுப் போகாதீர்கள், எடுபடாது. 3 இரவு தூங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், பினாங்கு பார்த்தீர்கள். அவர் பேச்சை நம்பிச் செய்த தனிச் செலவையும், அதற்கு மேல் நியாயமாகத் தோன்றும் ஒரு தொகையையும் கேளுங்கள்.

இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிற நானும் இதைச் செய்தவன்தான். கடை திறந்த புதிதில், ஒரு கோயில் கமிட்டியின் 40 பேரை டிசம்பரில் கோ சாமுய் போகும் கப்பலில் ஏற்றினேன். நோட்டீஸில் தீவின் படத்தைப் பெரிதாகப் போட்டேன், ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் "வானிலையைப் பொறுத்து" என்ற இரண்டு சொல்லைப் போடவில்லை. அங்கேயும் படகில்தான் இறங்க வேண்டும், அது வடகிழக்குப் பருவம், எனக்கு நன்றாகவே தெரியும். கலாசியாக இருந்தபோது தெரிந்தது, வியாபாரியானதும் மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிற்கவில்லை. அவர்கள் பேசி வைத்த வண்டிக்காசை என் கைக்காசிலிருந்து கொடுத்தேன். அந்தக் கமிட்டித் தலைவர் மூன்று வருடம் என்னோடு பேசவில்லை.

நம் நாட்டில் இருந்து கப்பலேறுபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை விற்பவர்கள் சொல்வதில்லை. நமக்கு இரண்டு பக்கமும் கடல், இரண்டும் ஒரே சமயத்தில் கெடுவது அபூர்வம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். அப்போது மலாக்கா நீரிணைக்குச் சுமத்ரா முதுகு கொடுத்து நிற்கும், அதனால்தான் பினாங்கு வரை உங்கள் தேத்தண்ணி ஆடவில்லை. சுமத்ரா முடிந்து அந்தமான் கடல் திறக்கும் இடத்தில் அந்த மறைவு போய்விடும். பூக்கெட்டின் மேற்குக் கரை அந்தக் கடலுக்கு மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, பாத்தோங் இருப்பதும் அந்தப் பக்கம். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவத்தில் கதை தலைகீழ்: கிழக்குக் கடலில் ரெடாங், தியோமான், சாமுய் தீவுகள் பக்கம் ஆடும், பூக்கெட் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். ஜூனில் பூக்கெட் மலிவாகக் கிடைப்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

புறப்படும் வாரத்தில் மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியா வெளியிடும் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கையையும் பாருங்கள். முதல் வகை எச்சரிக்கை என்றால் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை, சிறு படகுகளுக்கு ஆபத்து. பெரிய கப்பல் அதில் சாதாரணமாகப் போகும். டெண்டரை இறக்க மாட்டார்கள்.

கடைசியாக அம்மா. முட்டி வலி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. அன்று கடல் கண்ணாடி மாதிரி இருந்திருந்தாலும், மேடையில் நின்ற பையன் உங்கள் அம்மாவைப் படியிறங்கும்போதே பார்த்திருப்பான். ஆடும் படகுக்கு ஓரடி தானாக எடுத்து வைக்க முடியாதவர்களை நாங்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவோம். என் வேலையில் மனசுக்குப் பிடிக்காத பகுதி அதுதான், எத்தனை பிறந்தநாள் பாட்டிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் தெரியுமா. நீங்கள் ஐந்து பேர் கரைக்குப் போக, அம்மா மட்டும் மேல்தளத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஏஜெண்டு டிக்கெட் எழுதும்போதே, பெரியவருக்கு நடை எப்படி, இது படகில் இறங்கும் ஊர் என்று சொல்லியிருக்க வேண்டும். நடுவர் மன்றத்துக்குப் போவதாக இருந்தால் இதையும் எழுதுங்கள்.

அடுத்த தடவை லங்காவி பாருங்கள், கப்பல் துறையில் கட்டுமா என்று முதலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு. கப்பலே வேண்டாம் என்றால் கோலா பெர்லிஸிலிருந்து பெரிப் படகு இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். செனாங் கடற்கரையில் தண்ணீர் ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருக்கும், முட்டி வலிக்காரர்களுக்கு நடக்கச் சுலபம். ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். புதுச் செருப்பை அதுவரை யாரும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம் வீட்டுப் பிள்ளைகளை நம்ப முடியாது.